குடும்ப நினைவேடு: ஒட்டுவதற்கு முன்னால் சில விஷயங்கள்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஐந்து தடித்த பைண்டுகள் உண்டு. 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. பாட்டி வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் படங்கள் கசங்காமல் அடுக்கி வைத்து, ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் பைண்டிங் கடைக்குக் கொடுத்தனுப்புவாராம். கடைசி பைண்டின் பின்பக்கத் தாள்களில் ஒரு ஜவுளிக்கடை ரசீது, பெரியப்பாவின் பள்ளிக்கூட மார்க் அட்டை, எங்கிருந்தோ வெட்டிய ஒரு கோலம், எல்லாம் மைதாப் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. இதைத்தான் இப்போது 'ஸ்க்ராப் புக்' என்கிறார்கள். பாட்டிக்கு அந்த வார்த்தை தெரியாது.

சென்ற பொங்கலின்போது நம் சங்க நூலக அறையில் அங்கத்தினர் வீட்டுப் பழைய புகைப்படங்களை மேஜை மேல் பரப்பி வைத்தது பலருக்கும் நினைவிருக்கும். வந்த படங்களில் பாதிக்கு மேல் பின்பக்கம் வெற்றாக இருந்தது. "இது யார்?" என்று கேட்டால், "அம்மா வழித் தாத்தாவுக்கு அண்ணன் என்று நினைக்கிறேன்" என்பார்கள். அன்றைக்கு இந்த 'நினைக்கிறேன்' என்ற வார்த்தையை நிறையக் கேட்டேன். விழா முடிந்ததும் நாலைந்து நண்பர்கள், "சார், நீங்கள்தான் இந்த ஆல்பம் வேலையெல்லாம் செய்கிறீர்களே, எப்படிச் செய்வதென்று நம் மலரில் எழுதுங்களேன்" என்றார்கள். நான் புகைப்படக்காரன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செய்து, கெடுத்து, பிறகு படித்துத் தெரிந்து கொண்டதை எழுதுகிறேன். கெடுத்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகளின் முதல் பிரசவத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் படம் ஒன்று இருந்தது. பேத்தியின் 'முதல் போட்டோ'. பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மெஷினின் இந்தப் பக்கம் விட்டார். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது முழுக் கறுப்பு. ஸ்கேன் படம், ஏ.டி.எம். சீட்டு, சில ஈ.சி.ஜி. தாள்கள் எல்லாம் தெர்மல் பேப்பர். சூடு பட்டால் கறுக்கும்படியே அதற்கு ரசாயனம் பூசியிருக்கிறார்கள். அதுதான் அதன் அச்சு முறையே. சூட்டில் ஓடும் லாமினேஷன் மெஷினில் அதை விட்டால் வேறென்ன ஆகும்? இத்தனை வருஷம் மின்சாரத் துறையில் இருந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. லாமினேஷன் செய்யாமல் சும்மா வைத்தாலும் தெர்மல் தாள் சில வருஷங்களில் வெளுத்துவிடும். அதைச் செராக்ஸ் எடுத்து வைப்பது ஒன்றே வழி. செராக்ஸின் கறுப்பு, கரித்தூள் கலந்த பொடி. அது எளிதில் மங்காது.

ஆக, பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு நாம் செய்கிற காரியங்களே பல சமயம் கெடுக்கின்றன. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் 1769-ல் ஆங்கிலேயப் பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்புப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். படித்தவர்களுக்கு அதில் படங்களைச் சேர்க்கும் ஆசை வந்து, மற்றப் புத்தகங்களிலிருந்து படங்களை வெட்டி இதில் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர் பெயரையே வைத்து 'கிரேஞ்சரைஸ்' என்று ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் உண்டாயிற்று. ஒரு புத்தகம் அழகாக, பத்துப் புத்தகம் பாழ்! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-ல், பக்கங்களில் முன்கூட்டியே கோந்து தடவிய ஒட்டுப் புத்தகத்துக்குப் பேட்டண்ட் வாங்கினார். தண்ணீரால் நனைத்து ஒட்ட வேண்டியதுதான், நன்றாக விற்றது. இன்றைய பொழுதுபோக்கு முறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரிலின் கிறிஸ்டென்சன் என்ற குடும்பத் தலைவி. 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் தம் குடும்ப ஏடுகள் ஐம்பதைக் காட்சிக்கு வைத்தார். பிறகு அது பெரிய வியாபாரமாகி, பூப்போட்ட தாள், ரிப்பன், ஸ்டிக்கர் என்று வளர்ந்தது. அலங்காரம் அவரவர் விருப்பம். எனக்கு அதில் அக்கறை கிடையாது. என் மனைவிக்கு உண்டு. ஓரங்களில் அவள் போடும் கோலத்துக்கு நான் குறுக்கே நிற்பதில்லை. ஜிகினா மட்டும் படத்தின் மேல் படாமல் பார்த்துக் கொள்கிறேன்.

மார்க் ட்வைன் முறையின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்கது, 1970-களிலிருந்து நம் வீடுகளில் புகுந்த 'மேக்னெடிக் ஆல்பம்'. அதில் காந்தம் எதுவும் கிடையாது. அட்டையில் கோடு கோடாகப் பசை. மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். தூக்கி, படத்தை வைத்து, மூடினால் வேலை முடிந்தது. 1980-களிலும் 1990-களிலும் நடந்த கல்யாணங்களின் படங்கள் பலவும் இதில்தான் இருக்கும். பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள். பசைக் கோடுகள் பழுப்பேறி, படத்தின் ஊடாகவே தெரியத் தொடங்கியிருக்கும். மேல் தாள் பி.வி.சி.யாக இருந்தால், கேபிள் உறையில் இருக்கும் அதே சரக்கு. நாளாவட்டத்தில் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் துளித்துளியாக வெளியேறும். புது மழைக்கோட்டின் வாடை அடித்தால் அது பி.வி.சி. என்று சந்தேகப்படலாம்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் முதலில் செய்தது, ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததுதான். மாலை மாற்றும் படத்தில் என் மாமனார் முகம் அட்டையோடு தங்கிவிட்டது. அந்தப் படத்துக்கு நெகடிவ் கிடையாது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரியான முறை இது. முதலில், எதையும் தொடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே போட்டோ எடுத்துவிடுங்கள். கை தவறினாலும் ஒரு பிரதி மிஞ்சும். பிறகு மருந்துக்கடையில் விற்கும் டென்டல் ஃப்ளாஸ் நூலில், மெழுகு பூசாத ரகம் ஒரு முழம் எடுத்து, இரு கை விரல்களிலும் சுற்றிக் கொள்ளுங்கள். படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். படத்தைத் தூக்காதீர்கள், நூல் போகட்டும், படம் கிடக்கட்டும். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். இங்கே கரக்பூரில் ஜூலை மாதம் அப்பளமே நமத்துவிடுகிறது. போட்டோவின் மேலுள்ள ஜெலட்டினும் ஈரத்தில் இளகி ஒட்டும். நான் டிசம்பர், ஜனவரியில்தான் செய்கிறேன். எந்தப் படமாவது வரவே மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல், அட்டையோடு வெட்டி எடுத்து அப்படியே வைத்துவிடலாம்.

சுவரில் மாட்டிய படங்களுக்கும் இதே ஆபத்துதான். தாத்தா பாட்டி படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிச் சட்டம் போட்டிருப்பார்கள். ஈரக் காற்றில் ஜெலட்டின் கண்ணாடியில் பிடித்துக் கொள்ளும். பின்பக்கம் பிளைவுட்டில் கரையான், முன்பக்கம் விளக்குப் புகை. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்க முயலவே கூடாது. கண்ணாடியின் மேலாகவே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் படமானால், அதைப் பிரதி எடுத்து, பிரதிக்கு மாலை போட்டுப் பொட்டு வையுங்கள். மூலப்படம் ஏட்டுக்குள் போகட்டும். தாத்தா கோபித்துக் கொள்ள மாட்டார்.

இனி புது ஏட்டுக்கு வேண்டிய பொருள்கள். தாள்தான் முக்கியம். மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகி அமிலம் உண்டாக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்றைய தினசரியின் ஒரு துண்டைப் பாதியாக வெட்டி, ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்து, ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால்தான் பத்திரிகைத் துணுக்குகளைப் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒட்டக்கூடாது. அதன் பழுப்பு படத்துக்கும் தொற்றும். துணுக்கை நல்ல தாளில் செராக்ஸ் எடுத்து அந்தப் பிரதியை ஒட்டுங்கள்.

ஓவியச் சாமான் கடைகளில் 'அமிலமற்றது' என்று குறிப்பிட்ட தாள் கிடைக்கும். பருத்திக் கந்தலிலிருந்து கையால் செய்யும் தாளில் லிக்னின் கிடையாது. ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேர், பாண்டிச்சேரி ஆசிரமம் போன்ற இடங்களில் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். ஆனாலும் அமிலம் இல்லை என்பதைக் கேட்டு வாங்குங்கள். சோதிப்பதற்கென்று ஒரு பேனா உண்டு. ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாவது போல, இதன் மையும் நிறம் மாறும். கிழித்த கோடு ஊதாவானால் நல்ல தாள். மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. 'போட்டோவுக்குப் பாதுகாப்பானது' என்று அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியது என்று போட்டிருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்தத் தாளோ பசையோ புகைப்படத்தைக் கறைப்படுத்துகிறதா, மங்கச் செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட சோதனை அது. உறை வாங்கினால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் என்று கேளுங்கள்.

படத்தின் முதுகில் எந்தப் பசையும் வேண்டாம். செலோடேப் பழுத்து, தாளில் எண்ணெய்க் கறையாக இறங்கும். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை பிடித்தால் பிடித்ததுதான். மைதாப் பசை பூச்சியை விருந்துக்கு அழைக்கும். அதற்காகத்தான் பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் கலப்பார்கள். புத்தக முதுகுக்குச் சரி, ஆனால் செம்பு உப்பு நாளடைவில் தாளையே நொய்ந்து போகச் செய்யும். பிறகு எப்படி நிறுத்துவது? பழைய கறுப்புத் தாள் ஆல்பங்களில் இருந்த மூலை முக்கோணங்கள்தான் இன்றும் சிறந்தவை. வீட்டிலேயே செய்யலாம். நல்ல தாளில் 40 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலமுள்ள துண்டு வெட்டுங்கள். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறித்து, இரு முனைகளையும் அந்தப் புள்ளியிலிருந்து சாய்வாகக் கீழே மடித்தால், இரண்டும் நடுவில் சந்தித்து முக்கோணமாகும். கீழே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். படத்தின் மூலை இந்தப் பைக்குள் போகும். மடிப்பு விழுந்த பக்கத்தை மட்டும் தாளில் ஒட்ட வேண்டும். என் பேத்தி ஒரு மதியத்தில் அறுபது செய்து கொடுத்தாள். எந்தப் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், பின்பக்கம் படிக்கலாம், திரும்ப மாட்டலாம்.

படங்கள் மட்டும்தானா என்றால், இல்லை. கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்திகள் (தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது), இன்லண்டு கடிதம், ரேஷன் கார்டு, பழைய கெட்டி அட்டை ரயில் டிக்கெட். அந்த டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களின் கடைசியில் கொண்டுவந்த முறை அது, 57 மி.மீ.க்கு 30 மி.மீ. சொச்சம். கம்ப்யூட்டர் சீட்டு வரும்வரை நம் நாட்டில் ஓடியது. அம்மாவை முதல் முதலில் இங்கே அழைத்து வந்த பயணத்தின் டிக்கெட்டை அப்பா வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து கரக்பூர். தேதி முத்திரை அழுந்தி விழுந்திருக்கிறது, விரலால் தடவினாலே தெரியும். ரயில்வேக்காரர்களுக்கு இன்னொன்று: பழைய புளூபிரிண்ட், அம்மோனியா பிரிண்ட் வைத்திருந்தால் போட்டோக்களோடு சேர்க்காதீர்கள். அம்மோனியா பிரிண்டிலிருந்து வெளிவரும் ஆவி படங்களைக் கெடுக்கும். புளூபிரிண்டோ காரம் பட்டால் வெளுக்கும். அவற்றுக்குத் தனி உறை.

எதை முதலில் கவனிப்பது என்று கேட்கிறார்கள். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம்தான் ரொம்பப் பழசு, அதுதான் அவசரம் என்று தோன்றும். அப்படியில்லை. கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி. சரியாகக் கழுவிய படம் நூறு வருஷம் தாங்கும். கலர்ப் படத்தில் இருப்பது சாயம். பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் மங்கும். 1970, 80-களில் எடுத்த கலர்ப் படங்கள் செந்நிறமாகிக் கிடப்பது அதனால்தான். ஆகையால் தெர்மல் தாள் முதலில், கலர் அடுத்து, கறுப்பு வெள்ளை கடைசியில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாளும் பசையும் சரியாக அமைந்து, படத்தில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டால் என்ன பிரயோஜனம்? ரயில்வேயில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஹிஸ்டரி கார்டு உண்டு. எந்த வருஷம் வந்தது, எப்போது எண்ணெய் மாற்றியது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டு மனிதர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

அப்பா வழிக் குடும்பப் படம் ஒன்று. ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னால் தூண் வரைந்த திரை. தாத்தா, பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை. பாட்டியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு வயசில் ஒரு பெண் குழந்தை. பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். படத்தில் இருப்பவர்களில் அத்தை ஒருவர்தான் அப்போது உயிரோடு இருந்தார், மயிலாடுதுறையில், எண்பத்தாறு வயசில். மூலப்படத்தை எடுத்துப் போகாமல், பெரிதாக்கிய பிரதியும் டிரேசிங் பேப்பரும் எடுத்துக்கொண்டு போனேன். டிரேசிங் பேப்பரை மேலே வைத்து ஒவ்வொரு தலையையும் கோடாக வரைந்து நம்பர் போட்டுக்கொண்டால், குழப்பம் இல்லாமல் கேட்டு எழுதலாம். கூட்டம் அதிகமுள்ள கல்யாணப் படங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஐந்து நம்பர் வரை அத்தை மளமளவென்று சொன்னார். ஆறாம் நம்பரைக் காட்டி, "இது யாரு அத்தை, பக்கத்தாத்துக் குழந்தையா?" என்றேன்.

"பக்கத்தாமா? என் தங்கைடா அவ. உங்கப்பா சொன்னதில்லையா?"

படம் எடுத்த மறு வருஷம் வைசூரியில் போய்விட்டாளாம். பெயரைச் சொன்னால் பாட்டி அழுவாள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே இருந்து, அப்பா எங்களிடமும் சொல்லவில்லை. அத்தை அந்தப் பெயரைச் சொல்லி, நான் எழுதியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, "இரண்டு சுழி ன இல்லடா, மூணு சுழி" என்று திருத்தினார். அடுத்த தை மாசம் அத்தை காலமானார்.

எப்படி எழுதுவது என்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பழைய கனத்த போட்டோத் தாளின் பின்னால் மெத்தென்ற பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள புதிய படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குப் படத்துக்குக் கீழே, ஏட்டின் தாளிலேயே எழுதிவிடுங்கள். தாளில் எழுத, டிராயிங் ஆபீஸில் நாம் உபயோகித்த கறுப்பு டிராயிங் இங்க்கே போதும். அது கரி, மங்காது.

'அத்தை', 'சித்தி' என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு அத்தை? எழுதியவர் போனபின் அந்த உறவும் அறுந்துவிடும். லெவல் எடுக்க ஒரு டேட்டம் வேண்டும் அல்லவா? நான் தாத்தாவை டேட்டமாக வைத்துக்கொண்டு 'இன்னாரின் இரண்டாவது மகள்' என்றே எழுதுகிறேன். அம்பி, பாப்பா என்ற கூப்பிடு பெயரோடு முழுப் பெயரும் வேண்டும். மாயவரம் என்று இருந்தால் மயிலாடுதுறை என்றும் சேர்த்து எழுதுங்கள். பழைய கடிதங்களில் 'பார்த்திப வருஷம் ஆடி மாசம்' என்று தேதி இருக்கும். பார்த்திப 1945-46லும் வந்தது, 2005-06லும் வந்தது. ஆங்கில வருஷத்தைப் பக்கத்தில் போடாவிட்டால் அறுபது வருஷம் தவறிப் போகும்.

நம்மைப்போல் வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் படிப்பாள். பாட்டியின் கடிதங்களை அவளுக்காக நான் உரக்கப் படித்து, மொபைலில் பதிவு செய்து வருகிறேன். படக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, அடியில் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் எழுதலாமே என்று மருமகன் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த மூணு சுழி ண எங்கே போகும்?

பிரதிகள் பற்றி: சின்னப் படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, ஒரு பிரதி இங்கே, ஒன்று சென்னையில் தம்பியிடம். மொபைலில் மட்டும் வைத்திருப்பது, மொபைல் இருக்கும்வரைதான்.

ஏட்டைப் பரணில் வைக்காதீர்கள். மழைச் சாரல் அடிக்கும் சுவரோரமும் கூடாது. எனாமல் பூசிய இரும்பு பீரோ நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் பிரீதரில் போடும் அதே சிலிகா ஜெல்லைத் துணிப் பையில் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். நீலம் வெளிறி ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நீல ரகம் குழந்தைகள் கையில் படக்கூடாது. ரசகற்பூர உருண்டை படத்தைத் தொடாமல் தள்ளி இருக்கட்டும். சுவடிக் கட்டுகளில் வைப்பதுபோல் வசம்பும் ஒரு துண்டு போட்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, சரஸ்வதி பூஜையன்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம்.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் இருப்பேன். யார் என்று தெரியாத படம் ஒன்றும், தெரிந்திருக்கக்கூடிய வயசானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஃப்ளாஸ், பென்சில், டிரேசிங் பேப்பர் என்னிடம் இருக்கின்றன. செலோடேப் கொண்டுவர வேண்டாம்.